பெங்களூரு மொட்டைமாடியிலிருந்து யு ஜெமினோரம் வெடிப்பைப் பிடிக்க

யு ஜெமினோரம் மிதுன விண்மீன் கூட்டத்தில் ஒளி மாறும் ஒரு நட்சத்திரம், சாதாரண நாளில் 14-ஆம் பொலிவெண். நகர வானத்தில் கண்ணுக்கு அகப்படாது. சராசரியாக நூறு நாளைக்கு ஒருமுறை, ஒரே நாளில் 9 வரை ஏறிவிடும்; இதுதான் வெடிப்பு. எண் குறைந்தால் ஒளி கூடுதல்; ஐந்து எண் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு. சராசரியை நம்பிக் காலண்டரில் குறிக்காதீர்கள்: இடைவெளி இரண்டு மாதமாகச் சுருங்கும், எட்டு மாதமாக நீளும்.

ஏறுவது நட்சத்திரம் அல்ல, வட்டு. ஒரு வெள்ளைக் குள்ளனும் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய நட்சத்திரம்) ஒரு செங்குள்ளனும் (சிறிய, குளிர்ந்த சிவப்பு நட்சத்திரம்) 4¼ மணி நேரத்தில் ஒன்றையொன்று சுற்றுகின்றன. செங்குள்ளனிலிருந்து வழியும் வாயு வட்டாகச் சுழன்று தேங்குகிறது. தேங்கத் தேங்கச் சூடேறி ஹைட்ரஜன் அயனியாகும் கட்டத்தில் வட்டின் உள்ளுராய்வு சட்டென்று கூடும். தேங்கியதில் ஒரு பகுதி வெள்ளைக் குள்ளனை நோக்கி இறங்கும், வட்டு பிரகாசிக்கும்.

பலரும் இதே வகை நட்சத்திரமான எஸ்எஸ் சிக்னியில் தொடங்கச் சொல்வார்கள். அது உச்சிக்கு வரும் அக்டோபர் மாலைகளில் இங்கே மேகம்தான். யு ஜெமினோரம் வறண்ட மாதங்களுக்கு உரியது. பிப்ரவரி நடுவில் இரவு பத்தரைக்கு ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்கும். டாப்சோனியன் தொலைநோக்கியை (மேல்-கீழாகவும் இட-வலமாகவும் திரும்பும் எளிய தாங்கியில் நிற்கும் ஆடித் தொலைநோக்கி) உச்சியருகே திருப்புவது பெரும்பாடு, அதனால் எட்டரை மணிக்கே பாருங்கள்.

6 அங்குலக் கருவி, 25 மி.மீ. கண்வில்லை போதும். புனர்பூசத்தின் போலக்ஸிலிருந்து தெற்கே மூன்றரை டிகிரியில் கப்பா ஜெமினோரம். அங்கிருந்து அதே தூரம் தென்கிழக்கே போங்கள். அமெரிக்க மாறொளி நட்சத்திர நோக்கர் சங்கத்தின் தளத்தில் வரைபடம் இலவசம். டாப்சோனியனுக்குத் தெற்கு மேலே இருக்கும்படி எடுங்கள். அதில் ஒரு நட்சத்திரத்தின் அருகே 93 என்றிருந்தால் அதன் பொலிவெண் 9.3; புள்ளியை நட்சத்திரம் என்று நினைத்துவிடக் கூடாதென்று புள்ளியை அச்சிடுவதில்லை.

மதிப்பிட, சற்றுப் பிரகாசமான ஒன்றும் சற்று மங்கலான ஒன்றுமாக வரைபடத்தில் பொலிவெண் குறித்த இரண்டு ஒப்பீட்டு நட்சத்திரங்கள் வேண்டும். ஒன்று 9.0, மற்றது 9.5, நம்முடையது 9.0-இலிருந்து இடைவெளியில் ஐந்தில் இரண்டு பங்கு தூரத்தில் என்றால் 9.2. பிழை பெரும்பாலும் கண்ணில்தான். சிவப்பு நட்சத்திரத்தை வெறித்துப் பார்த்தால் அது பிரகாசமாகிக்கொண்டே போகும். ஒப்பிட அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒப்பிடும் இரண்டையும் பார்வைப்புலத்தின் மையத்திலிருந்து சம தூரத்தில் வையுங்கள், ஓரத்தில் ஒளி குறையும். நேற்றைய எண்ணைப் பார்க்காமல் இன்றையதை எழுதுங்கள்.

காணவில்லையா? அதையும் எழுதுங்கள். அன்று தெரிந்த மிக மங்கலான ஒப்பீட்டு நட்சத்திரம் 11.0 என்றால் '11.0-ஐவிட மங்கல்' என்று பதிவாகும். இந்தப் பதிவு இல்லாமல் வெடிப்பு எந்த இரவில் தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது.

நேரத்தை ஜூலியன் நாளில், அதாவது வானியலாளர்கள் தொடர்ச்சியாக எண்ணிவரும் நாள் எண்ணில், குறிக்க வேண்டும். அது நமக்கு மாலை 5.30-க்கு மாறுவதால் ஓர் இரவு முழுக்க ஒரே நாள் எண், இரவு 9.30 என்றால் அதன் பின்னம் .167. வெடிப்பைக் கண்டால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, அன்றிரவே அந்தச் சங்கத்துக்கு அனுப்புங்கள்.