செஸ்னா 172, 182: கையாளும் விதத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

விமானம் ஓட்டப் பழக வேண்டுமென்றால் இரத்மலானைப் பக்கம் போக வேண்டும். வவுனியா ஓடுபாதையோ விமானப்படையின் பொறுப்பில் இருக்கிறது. ஆகவே வன்னியில் இருக்கும் பிள்ளைகளுக்கு இப்போதைக்குக் கணினிதான் வழி. ஃபிளைட்கியர் என்ற இலவச மென்பொருள் அதற்குத் தாராளமாகப் போதும். செஸ்னா 172பி, 182எஸ் என்ற சிறிய விமானங்கள் இரண்டும் அதில் கிடைக்கும்.

இரண்டுக்கும் சிறகு மேலே, எஞ்சின் ஒன்று, இருக்கை நான்கு, மூக்கில் ஒரு சில்லு. வேகம் குறைந்து சிறகு தூக்கும் திறனை இழக்கும் ஸ்டோல் வேகத்தில்கூட மூன்று நொட் (ஒரு நொட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீற்றர்) அளவுதான் வித்தியாசம். ஆனால் ஓட்டும்போது இரண்டும் வேறு வேறு ஆட்கள். அட்டவணையில் தெரியாத அந்த வித்தியாசத்தைக் கையால் கண்டுபிடிப்பதுதான் இந்தப் பாடம்.

படி 1: எல்லாவற்றையும் சமமாக்குங்கள்

வவுனியா விமான நிலையத்தைத் தெரிவு செய்யுங்கள். காற்றைச் சுழியமாக்குங்கள். வெப்பநிலையை இரண்டுக்கும் ஒன்றாக வையுங்கள். பங்குனி வெயிலுக்கும் மார்கழிக் குளிருக்கும் ஒரே விமானமே வேறு மாதிரி ஏறும்.

சுமையில்தான் பலர் பிழை விடுகிறார்கள். 172பியின் உச்ச எடை 2400 இறாத்தல், 182எஸ்ஸுக்கு 3100. இரண்டிலும் ஒரே எடையை ஏற்றினால் ஒன்று நிறைந்திருக்கும், மற்றது பாதி வெறுமையாகப் பறக்கும். முன்னால் இரண்டு பேர், அரைத் தாங்கி எரிபொருள் என்று இரண்டுக்கும் வையுங்கள். ஒப்பிடுவதற்கு அது நியாயமான அளவு.

படி 2: ஏறிப் பாருங்கள்

172இல் 160 குதிரைவலு, 182இல் 230. முழு வலு கொடுத்ததும் இரண்டுமே இடப்பக்கம் இழுக்கும், 182 கூடுதலாக இழுக்கும். மூக்கை இடம் வலம் திருப்பும் வால் தகடான ரடரை வலது காலால் எவ்வளவு மிதிக்க வேண்டியிருக்கிறது என்று கவனியுங்கள். பிறகு 80 நொட்டில் பிடித்துக்கொண்டு ஏறுங்கள்.

இங்கே இன்னொரு வித்தியாசமும் தெரியும். 172இன் உந்துவிசிறியின் கோணம் மாறாது. 182இல் அதை மாற்றத் தனிப் பிடி இருக்கிறது. வயலுக்குள் உழும்போது ஒரு கியர், ஏ9 வீதிக்கு ஏறியதும் வேறு கியர் என்று ரக்ரர்க்காரர் மாற்றுவதைப் போன்றது அது. ஆகவே 182இல் சுழற்சி மானியை மட்டும் பார்த்து வலுவைக் கணிக்க முடியாது. பக்கத்தில் இருக்கும், எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் மெனிஃபோல்ட் அழுத்த மானியையும் சேர்த்துப் பார்க்கப் பழகுங்கள்.

படி 3: டிரிம் சோதனை

எனக்கு மிக முக்கியமான படி இதுதான், அவசரப்படாமல் செய்யுங்கள். பிடியைத் தொடர்ந்து இழுத்துப் பிடிக்காமலே மூக்கு ஒரே நிலையில் நிற்கும்படி ஒரு சிறு சில்லைச் சுற்றி வைப்பதுதான் டிரிம்.

3000 அடியில் 90 நொட்டுக்கு வந்து, கையை விட்டாலும் நேரே போகும்படி டிரிம் செய்யுங்கள். டிரிம் சில்லின் அடையாளக்கோடு எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இப்போது சிறகின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப் என்ற தகட்டை 10 பாகை இறக்குங்கள். மூக்கு மேலே எழும்பும், எழும்பட்டும். அதை அடக்கி, 70 நொட்டில் மறுபடியும் டிரிம் செய்து, சில்லு எவ்வளவு சுற்றியிருக்கிறது என்று பாருங்கள். மற்ற விமானத்திலும் அப்படியே செய்யுங்கள்.

ஏன் டிரிம்மைப் பார்க்கச் சொல்கிறேன் தெரியுமா? நிஜமான 182இல் மூக்குப் பாரம் அதிகம், பிடியை இழுக்கக் கை வலிக்கும். நம் ஜொய்ஸ்டிக்கில் இருப்பதோ ஒரு ஸ்பிரிங். எந்த விமானத்தை ஓட்டினாலும் அது ஒரே பாரத்தைத்தான் காட்டும். கைக்குத் தெரியாத அந்தப் பாரத்தை டிரிம் சில்லில்தான் கண்டுகொள்ளலாம்.

படி 4: ஸ்டோல்

அதே உயரத்தில் வலுவை முழுதாகக் குறைத்து, உயரம் இறங்காமல் மூக்கை ஆறுதலாக உயர்த்துங்கள். எச்சரிக்கை ஒலி எந்த வேகத்தில் கேட்கிறது, மூக்கு எந்த வேகத்தில் விழுகிறது என்று இரண்டு எண்களை எழுதுங்கள். ஃபிளாப் இல்லாமல் ஒரு தடவை, முழு ஃபிளாப்போடு ஒரு தடவை. அவ்வளவுதான்.

படி 5: தரையிறக்கம்

இரண்டையும் 65 நொட்டில் கொண்டுவந்து, ஓடுபாதைக்கு மேலே வந்ததும் வலுவை எடுங்கள். 172 கொஞ்ச நேரம் மிதக்கும், திருத்த அவகாசம் தரும். 182 சட்டென்று அமரும். மூக்கை உயர்த்தப் பிந்தினால் முன்சில்லுதான் முதலில் தரையில் இடிக்கும். நிஜத்தில் 182களின் முன்சில்லுக்குப் பின்னால் இருக்கும் எஞ்சின் தடுப்புச் சுவர் நெளிவது இப்படித்தான். ஆகவே 182இல் கடைசித் திருப்பத்துக்குப் பிறகு மூக்கு மேலேறும் பக்கமாகக் கொஞ்சம் டிரிம் கொடுத்து வையுங்கள். ஆனால் மறுபடி ஏற நேர்ந்து முழு வலு கொடுத்தால் அதே டிரிம் மூக்கைச் செங்குத்தாகத் தூக்கப் பார்க்கும். அப்போது பிடியை முன்னே தள்ளத் தயாராக இருங்கள்.

படி 6: காற்றைத் திறந்துவிடுங்கள்

இது வரை சரியாக வந்தால் மட்டும் பக்கக்காற்றைச் சேருங்கள். ஓடுபாதைக்குக் குறுக்கே 5 நொட், அப்புறம் 10. கையேடுகளில் இரண்டுக்கும் 15 நொட் வரை செய்து காட்டியதாக இருக்கிறது. தொடக்கத்திலேயே அதற்குப் போகாதீர்கள். பிறகு சோளகம் அடிப்பதுபோலத் தென்மேற்கிலிருந்து காற்றை வைத்து, ஏ9 வீதியைக் கீழே பார்த்தபடி ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் வரை பறந்து பாருங்கள். வீதியை விட்டு விலகாமல் இருக்க மூக்கை எவ்வளவு இடப்பக்கம் திருப்பி வைக்க வேண்டியிருக்கிறது என்பதை இரண்டிலும் ஒரே வேகத்தில் குறியுங்கள். 182ஐ அதன் வழக்கமான வேகத்தில் விட்டால் அந்தக் கோணம் குறையும். அது வேகத்தால் வருவது, கையாளும் குணத்தால் அல்ல.

மூன்றாவதாக 1947இல் முதலில் பறந்த டி ஹவிலண்ட் பீவரை எடுக்கலாம். 450 குதிரைவலு, வால்சில்லு, கையால் பம்ப் அடித்து இறக்கும் ஃபிளாப். அதைத் தரையில் நேராக ஓட்டுவதே தனிப் பாடம் என்பதால், வானத்துக்குப் போகுமுன் ஓடுபாதையில் மெதுவாக ஓட்டி, வாலை அடக்கப் பழகுங்கள்.