தலைக்குக் குளிப்பது எப்படி? தேய்க்கும் நேரத்தைவிட அலசும் நேரம் அதிகம்

வேரில் எண்ணெய்ப் பிசுக்கு, நுனியில் வறட்சி, பிடரியில் அரிப்பு. மூன்றும் ஒரே தலையில் சேர்ந்திருந்தால் யாருக்கும் முதலில் ஷாம்பு மீதுதான் சந்தேகம் வரும். எனக்கும் அப்படித்தான். பாட்டில் பாட்டிலாக மாற்றிப் பார்த்தும் ஒன்றும் நடக்கவில்லை. ஷாம்பு போடும் இடத்தையும் அலசும் விதத்தையும் மாற்றிய பிறகு, வீட்டில் ஏற்கெனவே இருந்த பாட்டிலிலேயே மூன்றும் அடங்கிவிட்டன. அந்த முறையைத்தான் வரிசையாக எழுதுகிறேன். எந்த ஷாம்பு நல்லது என்று தேடி வந்தவர்களுக்கு இங்கே பெயர் எதுவும் கிடைக்காது.

கையை நனைப்பதற்கு முன்

ஷாம்பு தலைத்தோலுக்கு, கண்டிஷனர் முடிக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

எண்ணெய்ச் சுரப்பிகள் இருப்பது தோலில், மயிர்க்கால்களை ஒட்டி. வியர்வையும் உதிரும் தோல் செல்களும் சேர்வதும் அங்கேதான். ஆகவே கழுவ வேண்டிய இடம் அது. நுனியின் கதை வேறு. முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது. அப்படியென்றால் 36 செ.மீ. நீளமுள்ள முடியின் நுனிக்கு வயது 3. அத்தனை காலத்து வெயில், சீப்பு, துண்டு, தலையணை எல்லாம் பட்டுத் தேய்ந்த பகுதி. போன வாரம் முளைத்த வேர்ப்பகுதிக்குக் கொடுக்கும் அதே தேய்ப்பை அதற்கும் கொடுத்தால் பிளக்காமல் என்ன செய்யும்?

முடியின் மேல்பரப்பு ஓடு வேய்ந்த கூரை மாதிரி. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த செதில்கள், எல்லாம் நுனியைப் பார்த்தபடி. ஒற்றை முடியை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்து உருவிப் பாருங்கள். வேரிலிருந்து நுனிக்கு வழுக்கிக்கொண்டு போகும், எதிர்த்திசையில் சொரசொரக்கும். தலைக்குக் குளிக்கும்போது முடியின் நீளத்தில் கை எப்போதும் மேலிருந்து கீழேதான் போக வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

உடம்புக்குப் போடும் சோப்புக் கட்டியைத் தலைக்குப் போடாதீர்கள். தலைத்தோலின் பிஎச் சுமார் 5.5, முடித்தண்டினுடையது அதைவிடக் குறைவு, சுமார் 3.67. சாதாரண சோப்பு 9, 10 என்று காரப்பக்கம் நிற்கும். காரம் பட்டால் செதில்கள் தூக்கிக்கொள்ளும், முடிக்கு முடி உராய்வு கூடும், சிக்கு விழும்.

1. உலர்ந்த முடியில் சிக்கெடுங்கள்

குளித்தபின் எடுத்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. முடி தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சியதும் உப்பும், உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் விடுபடும். அந்த நிலையில் இழுத்தால் சுலபமாக நீளும், கொஞ்சம் மீறினால் அறுந்துவிடும். உலர்ந்திருக்கும்போதே, அகலமான பல் உள்ள சீப்பால், நுனியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, ஒவ்வொரு முறையும் கீழ்நோக்கியே வாருங்கள். (சுருள்முடிக்காரர்களுக்கு இது பொருந்தாது, கடைசியில் சொல்கிறேன்.)

எண்ணெய் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் இறங்கக்கூடியது. கழுவுவதற்கு முன் அதைத் தடவினால் முடியின் புரத இழப்பு குறைகிறது என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் மினரல் எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அந்தப் பலனைத் தரவில்லை. தண்டிலும் நுனியிலும் தடவினாலே போதும். பொடுகு இருந்தால் தோலில் எண்ணெய் வேண்டாம். பொடுகுக்குத் துணைபோகும் மலாசீசியா என்ற பூஞ்சைக்கு எண்ணெய்தான் சாப்பாடு.

2. நன்றாக நனையுங்கள்

வெதுவெதுப்பான தண்ணீர். கை பொறுக்கும் சூடு என்றால்கூட அதிகம்தான். ஓரிரு நிமிடம், தோல் வரை நனைய வேண்டும். அடர்த்தியான முடியில் மேலே சொட்டும், உள்ளே காய்ந்திருக்கும். விரலை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. ஷாம்பு

உள்ளங்கையில் ஊற்றி உச்சந்தலையில் ஒரே அப்பாக அப்புவது எல்லோருக்கும் பழக்கம். உச்சியில் மட்டும் குவிந்து, பிடரிக்கும் காதுக்குப் பின்னாலும் போய்ச் சேராது. நான் சிபாரிசு செய்வது கூர்மூக்கு வைத்த பிளாஸ்டிக் பாட்டில். அதில் தேவையான ஷாம்புவை ஊற்றி, அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு தண்ணீர் சேர்த்துக் குலுக்கிக்கொள்ளுங்கள். மூக்கை முடிக்குள் நுழைத்து, நேராகத் தோலில் கோடு கோடாக விடலாம். செலவும் குறையும். ஒரு எச்சரிக்கை: கலக்கியதை அன்றே முடித்துவிடுங்கள். தண்ணீர் சேர்ந்ததும் அதில் உள்ள பதப்படுத்தி நீர்த்துப்போகும், வைத்திருந்தால் கிருமி வளரும்.

தலைத்தோலுக்கென்று விற்கும் சிலிக்கான் பிரஷ்கள் எனக்குப் பிடிக்கவில்லை. நீளமான முடியில் அவை சிக்கையே உண்டாக்குகின்றன. விரல்களே போதும், ஆனால் நகம் படக்கூடாது. விரல் நுனிச் சதையை வைத்து, தோலே லேசாக அசையும்படி, சிறு சிறு வட்டமாக. பிடரியில் தொடங்கி, காதுக்குப் பின்புறம், பக்கவாட்டு, கடைசியில் உச்சி. நீள முடியை வாரிச் சுருட்டி உச்சந்தலையில் வைத்துத் துணி துவைப்பதுபோல் கசக்குவதை இன்றோடு விட்டுவிடுங்கள். அப்படியே தொங்கட்டும். அலசும்போது வழிகிற நுரையே தண்டுக்கும் நுனிக்கும் போதும்.

நுரை வரவில்லையே என்று மறுபடி மறுபடி ஊற்றாதீர்கள். எண்ணெய் அதிகமாக இருந்தால் முதல் தடவை நுரை அடங்கித்தான் இருக்கும். நுரை வருவதும் சுத்தமாவதும் ஒன்றல்ல. எண்ணெய் வைத்த நாளில் அலசிவிட்டு, முதலில் எடுத்ததில் பாதி அளவு இன்னொரு முறை போடலாம். மற்ற நாட்களில் ஒரு முறையே போதும்.

4. அலசுவது

இங்கேதான் நான் நெடுநாள் மாட்டிக்கொண்டிருந்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

குவளையால் உச்சியில் தண்ணீர் ஊற்றினால் அது சரிவைப் பார்த்து ஓடும். வெளிப்பக்க முடி ஒரு குடை மாதிரி தண்ணீரைத் தள்ளிவிட்டுவிடும். உச்சி கிறீச்சென்று சுத்தமாகும், ஆனால் பிடரி மேட்டிலும், காது மடலுக்குப் பின்னாலும், வகிட்டின் இருபுறத்து அடித்தட்டிலும் ஷாம்பு அப்படியே நிற்கும். காய்ந்தபின் அங்கேதான் அரிக்கும். சொறிந்தால் நகத்தில் வெள்ளையாக மெல்லிய மாவு போல் வரும். அதைப் பொடுகு என்று நினைத்து இன்னும் கடுமையான ஷாம்புவைத் தேடிப் போனால், எச்சம் இன்னும் கூடும், அரிப்பும் கூடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். தலையைப் பின்னால் சாய்த்து முன் நெற்றியிலிருந்து ஊற்றி அலசுங்கள். அப்புறம் தலையை முன்னால் குனிந்து, முடி முழுவதும் முகத்துப் பக்கம் விழும்படி விட்டு, பிடரியிலிருந்து ஊற்றுங்கள். ஒரு கை ஊற்றும்போது இன்னொரு கையின் விரல்கள் முடிக்குள் நுழைந்து தோலைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும். பிறகு இடப்பக்கம் சாய்த்து வலக்காதுக்குப் பின்னால், வலப்பக்கம் சாய்த்து இடக்காதுக்குப் பின்னால். ஷாம்பு தேய்க்க ஒரு நிமிடம் என்றால் அலச இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள, ஓடும் தண்ணீரின் நிறத்தைப் பார்க்காதீர்கள், அது சீக்கிரமே தெளிந்துவிடும். காதுக்குப் பின்னால் விரலை வைத்து லேசாக அழுத்தி நகர்த்துங்கள். வழுக்கினால் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். தோல் விரலைப் பிடித்தால் சரி.

கையில் பிடிக்கும் ஷவர் இருந்தால் வேலை பாதியாகும், ஷவரின் வாயை முடிக்கு ஒட்டியே வைத்து அலசலாம். சுவரில் பொருத்திய ஷவரைவிடக் குவளையே மேல் என்பது என் கட்சி. எங்கே ஊற்றுகிறோம் என்பதாவது நம் கையில் இருக்கும்.

5. கண்டிஷனர்

முடியைக் கையால் பிழிந்து அதிகத் தண்ணீரை எடுத்துவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் நீர்த்து வழிந்துவிடும். காது மட்டத்துக்குக் கீழே மட்டும். கண்டிஷனரில் இருக்கும் செட்ரிமோனியம் குளோரைடு, பெஹென்ட்ரிமோனியம் குளோரைடு போன்றவை நேர்மின் தன்மை கொண்டவை. தேய்ந்த நுனியில் எதிர்மின் தன்மை அதிகம், ஆகவே எங்கே தேவையோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். தோலில் போட்டால் மறுநாளே பிசுபிசுக்கும். இரண்டு மூன்று நிமிடம் விட்டு, விரலால் கோதி, அலசிவிடுங்கள். முதுகில் பரு வருபவர்கள் இதற்குப் பிறகு முதுகைக் கழுவ வேண்டும், முன்பு கழுவிப் பயனில்லை.

கடைசியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் செதில்கள் மூடிக்கொள்ளும் என்று சொல்வார்கள். குளிர்ச்சியாக இருக்கும், அவ்வளவுதான். செதில்களைப் படிய வைப்பது கண்டிஷனர்.

6. துவட்டுவது, உலர்த்துவது

துண்டால் பரபரவென்று தேய்க்காமல், ஒற்றி எடுங்கள். பழைய பருத்தி பனியன் துணி இதற்கு அருமையாக இருக்கும். ஈர முடியை இறுக்கிக் கொண்டை போடாதீர்கள்.

ட்ரையர் பிடிப்பவர்கள் 15 செ.மீ. தள்ளி, ஓர் இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே பிடியுங்கள். 2011-ல் வந்த ஒரு தென் கொரிய ஆய்வில் ட்ரையரை நெருக்கிப் பிடிக்கப் பிடிக்க முடியின் மேல்பரப்பு சேதமானது. ஆச்சரியம் என்னவென்றால், தானாகக் காய விட்ட முடியில் செதில்களை உள்ளே பிணைக்கும் அடுக்கு பாதிக்கப்பட்டிருந்தது. நெடுநேரம் ஈரத்திலேயே ஊறிக் கிடப்பதும் முடிக்கு ஆகாது. பாதி காற்றில் காயவிட்டு மீதியை மிதமான சூட்டில் முடிப்பது என் வழக்கம்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை? தோலைக் கேளுங்கள். எண்ணெய் அதிகம் சுரந்தால் தினமும்கூடக் கழுவலாம். வறண்ட, சுருண்ட முடிக்கு வாரம் ஒரு முறையே போதும்.

பின்னூட்டங்களைப் பார்த்தபின் சேர்த்தவை

*தலைக்குக் குளித்தாலே கொத்துக் கொத்தாக வருகிறது:* பலரும் கேட்டது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. நாலைந்து நாள் கழுவாமல் இருந்தால் உதிர்ந்தவை மற்ற முடியோடு சிக்கிக்கொண்டு நின்று, கழுவும் நாளில் மொத்தமாகக் கையோடு வரும். அதற்குப் பயந்து கழுவாமல் தள்ளிப்போட்டால் அடுத்த முறை கொத்து இன்னும் பெரிதாகும். கழுவாத நாட்களிலும் கொட்டினாலோ, வட்டமாக ஓர் இடம் வழுக்கையானாலோ தோல் மருத்துவரிடம் போங்கள்.

*உப்புத் தண்ணீர்:* கால்சியம், மக்னீசியம் உப்புகள் முடியில் படிந்து விறைப்பாக்கும். கொதிக்க வைத்தால் கடினத்தன்மையில் ஒரு பகுதிதான் போகும். அலசுவதெல்லாம் அந்தத் தண்ணீரிலேயே செய்துவிட்டு, கடைசி இரண்டு குவளை மட்டும் வடிகட்டிய தண்ணீராக இருக்கட்டும். அதோடு, உப்பைப் பிடித்து இழுக்கும் இடிடிஏ சேர்த்த ஷாம்புவை அவ்வப்போது போடலாம். அதைத் தினமும் போட்டால் முடி வறண்டுவிடும்.

*சுருள்முடி:* உலர்ந்திருக்கும்போது வாரினால்தான் உங்களுக்கு அறும். கண்டிஷனர் போட்டு ஈரமாக இருக்கும்போது, அகலப் பல் சீப்பாலோ விரலாலோ, நுனியிலிருந்து சிக்கெடுங்கள். வரிசையில் முதல் படியை அப்படியே ஐந்தாம் படிக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

*பொடுகு ஷாம்பு வேலை செய்யவில்லை:* கீட்டோகோனசோல், ஜிங்க் பைரித்தியோன், செலினியம் சல்பைடு போன்ற மருந்துகள் தோலில் கொஞ்ச நேரம் இருந்தால்தான் பூஞ்சையைத் தொடும். போட்ட கையோடு அலசிவிட்டால் மருந்து சாக்கடைக்குத்தான் போகிறது. நுரை வந்ததும் 3 முதல் 5 நிமிடம் விடுங்கள், பாட்டிலில் வேறு நேரம் போட்டிருந்தால் அதன்படி. அந்த நேரத்தில் தலையைத் தேய்த்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை, உடம்புக்கு சோப்புப் போட்டுக்கொள்ளலாம். இந்த ஷாம்புகள் முடித்தண்டைக் கொஞ்சம் வறட்டும், ஆகவே அன்றைக்கும் நுனிக்குக் கண்டிஷனர் உண்டு.