ஏலகிரிக்குக் கட்டுச்சோறு: ரயிலேறும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாசி முடிந்து பங்குனி பிறக்கும் நேரம். ஒரு நாள் ரயிலேறி ஏலகிரிக்குப் போய், மங்கலம் கிராமத்திலிருந்து சுவாமிமலை உச்சிவரை நடந்துவிட்டு வரலாம் என்று சென்னைக்காரர்களுக்குத் தோன்றும். தாராளமாகப் போகலாம். ஆனால் பல பேருக்கு இந்தப் பயணம் முந்தின ராத்திரி அடுக்களையிலேயே கெட்டுவிடுகிறது.

பெரிய தவறு, எல்லா வேளைக்கும் ஒரே சாப்பாட்டைக் கட்டுவது. காலை நாலரைக்குக் கட்டியதை மதியம் ஒரு மணிக்குப் பிரித்தால் எட்டரை மணி நேரம் ஆகியிருக்கும். எப்போது கட்டுகிறோம் என்பதைவிட எப்போது சாப்பிடுவோம் என்று கணக்குப் போட வேண்டும். ஒரு பங்குனியில் நான் தேங்காய்ச் சாதம் கட்டிப் போனேன். மங்கலத்தில் டப்பாவைத் திறந்ததுமே வாடை வந்துவிட்டது. கூட வந்த பிள்ளைகள் பிஸ்கட்டோடு மலை ஏறியது இன்னும் மனதை உறுத்துகிறது.

ரயிலுக்கு இட்லி போதும். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் இருபுறமும் தடவி, வாட்டிய வாழையிலையில் கட்டுங்கள். இலையை அனலில் வாட்டாவிட்டால் மடிப்பில் கிழியும். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். காட்பாடி வருவதற்குள் சாப்பிட்டு முடிப்பது நல்லது. மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. புலவர்கள், வள்ளல்கள் பெயர்களைத் தாங்கிய அழகான வளைவுகள்தான், ஆனால் பஸ் ஏறும் முன் வயிறு முட்டச் சாப்பிட்டவர்களுக்குக் குமட்டும்.

மலைக்குப் புளியோதரைதான். சோற்றில் இருக்கும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. வெதுவெதுப்பாக மூடிக் கிடக்கும் சோற்றில் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அது மறுபடி சூடாக்கினாலும் போகாது. புளிப்பு அந்த வளர்ச்சியை மட்டுப்படுத்தும். அதற்காக ஆவி பறக்கும் சாதத்தை டப்பாவில் அடைக்கலாம் என்றில்லை. மூடியில் வியர்க்கும் நீர் சோற்றில் சொட்டினால் புளியோதரையும் கெடும். சாதத்தைத் தாம்பாளத்தில் பரப்பி, விசிறி ஆறவைத்து, அப்புறம் புளிக்காய்ச்சலைப் பிசையுங்கள். காய்ச்சலை முந்தின நாளே எண்ணெய் பிரியக் காய்ச்சி வைத்துக்கொள்ளலாம்.

தயிர்சாதம் இல்லாமல் முடியாது என்பவர்கள் வெறும் தயிரைப் பிசையாதீர்கள், கடும் புளிப்பாகிவிடும். காய்ச்சி ஆறிய பால் நிறைய, தயிர் ஒரு ஸ்பூன். மலையில் முதலில் இதைத்தான் பிரிக்க வேண்டும். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் கறி கட்டும் பழக்கத்தை விடுங்கள்; மாவடு சீசனில் வேறென்ன வேண்டும்?

ரயிலின் பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்களும் உண்டு. ஏலகிரி எக்ஸ்பிரஸ் காலையில், ஏலகிரிக்கு நாம் இறங்க வேண்டிய ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு வந்து, மாலையில் திரும்பும் வண்டி. அதில் போனால் இரவில்தான் இறங்குவீர்கள், அன்றைக்கு நடக்க முடியாது. காலை ஆறு மணி வாக்கில் சென்ட்ரலிலிருந்து கிளம்பும் கோவை எக்ஸ்பிரஸ் வசதியானது. திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே தொடங்கிவிடும்.

ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம்தான். ஊட்டிக் குளிரை எதிர்பார்த்துத் தண்ணீரைக் குறைக்காதீர்கள். ஆளுக்கு 2 லிட்டராவது வேண்டும். சாப்பாட்டைக் கைப்பையில் தொங்கவிட்டால் குரங்குகள் பிடுங்கும், முதுகுப்பைக்குள் இருக்கட்டும்.

மலையில் அடுப்பு மூட்டி நூடுல்ஸ் செய்யலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். மாசி, பங்குனியில் புல் காய்ந்து கிடக்கும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். இந்த மாதங்களில் தீ அபாயத்தால் வனத்துறை மலைத்தடங்களை மூடுவதுண்டு. பாதை திறந்திருக்கிறதா என்று கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மதியம் மிஞ்சிய சாதத்தை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். இறங்கி வந்த களைப்பில், ஜோலார்பேட்டை பிளாட்பாரத்தில் பசி நன்றாகவே எடுக்கும். அதற்கு முறுக்கும் பொருள்விளங்கா உருண்டையும் தனிப் பொட்டலமாகப் பையின் அடியில் இருக்கட்டும்.