புது காரில் ஸ்டீயரிங் கோளாறா? சர்வீஸ் சென்டருக்குப் போகும் முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

வாங்கிச் சில மாதங்களே ஆன காரில் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும், ஆடும், திடீரென்று கனக்கும். "புது வண்டிதானே, ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. பதறிப்போய் சர்வீஸ் சென்டரில் விட்டு, "ஓட்டிப் பார்த்தோம், நன்றாகத்தான் இருக்கிறது" என்ற பதிலோடு திரும்புபவர்கள் அதைவிட அதிகம். ஸ்டீயரிங் பாகங்களை நாம் கழற்றிப் பார்க்கவே கூடாது. கோளாறை மெக்கானிக் கண்முன்னே வரவழைப்பதும், அதை எழுத்தில் பதிய வைப்பதும்தான் நம் வேலை.

படி 1: வண்டியை ஓட்டலாமா?

திருப்பும்போது ஸ்டீயரிங் பாதியில் சிக்குகிறதா? திருப்பிய பிறகும் சக்கரம் தாமதமாகத் திரும்புகிறதா? ஸ்டீயரிங் படம் போட்ட விளக்கு சிவப்பில் எரிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் ஓட்ட வேண்டாம், வண்டியை ஏற்றிச் செல்ல ஆள் அழையுங்கள். சக்கரம் கழற்றி மாட்டிய கையோடு ஆட்டமோ சத்தமோ வந்தால், நட்டு சரியாக இறுகவில்லை என்றே முதலில் சந்தேகப்படுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்டீயரிங் கனத்துவிட்டால் பயப்படாதீர்கள். பவர் உதவி (ஸ்டீயரிங்கை இலகுவாகத் திருப்ப வண்டி கொடுக்கும் துணை) போனாலும், பெரும்பாலான கார்களில் ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையே நேரடி இணைப்பு இருக்கிறது. பலம் கொடுத்தால் திரும்பும், வேகம் குறையக் குறைய இன்னும் கனக்கும். இரண்டு கையாலும் பிடித்து, மெல்ல ஓரம் கட்டுங்கள். நிற்கும் முன் இன்ஜினை அணைக்காதீர்கள், பிரேக்கும் கடினமாகிவிடும்.

(நிறுத்திவைத்த வண்டியில் சாவி திரும்பவில்லை, ஸ்டீயரிங்கும் அசையவில்லை என்றால் அது ஸ்டீயரிங் லாக். லேசாக இடமும் வலமும் அசைத்தபடி சாவியைத் திருப்பினால் விடுபடும்.)

படி 2: உங்கள் காரில் எந்த வகை ஸ்டீயரிங்?

இன்றைய கார்களில் பெரும்பாலும் எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்தான். நீங்கள் எவ்வளவு பலத்தோடு திருப்புகிறீர்கள் என்பதை ஒரு சென்சார் அளக்கும். அதையும் வண்டியின் வேகத்தையும் வைத்து, ஒரு சிறிய கணினி மோட்டாருக்கு மின்சாரம் அனுப்பும். இதில் ஆயிலே கிடையாது. ஆகவே "பவர் ஸ்டீயரிங் ஆயில் ஊற்றிப் பார்" என்ற அறிவுரை இங்கே செல்லாது.

இந்த மோட்டார் நிறைய மின்சாரம் இழுக்கும். பேட்டரி பலவீனமானாலே எச்சரிக்கை விளக்கு எரியலாம். முழுவதுமாகத் திருப்பி அப்படியே பிடித்திருந்தால் மோட்டார் சூடாகி உதவியைக் குறைத்துக்கொள்ளும், ஆறினதும் பழையபடி ஆகும். இது பாதுகாப்பு ஏற்பாடு, பழுதல்ல. பேட்டரி வயரைக் கழற்றி மாட்டியபின் விளக்கு எரிந்தால் கையேட்டைப் பாருங்கள். சில மாடல்களில் இரு பக்கமும் முழுமையாக ஒருமுறை திருப்பினால் அணைந்துவிடும்.

படி 3: டயரிலிருந்து தொடங்குங்கள்

காற்றழுத்தம்தான் முதல். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் உள்ள அளவையே பாருங்கள். டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது அதிகபட்ச அளவு, அது நமக்கு வேண்டாம். டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும்.

அடுத்து இழுப்பு. மழைநீர் வடிய சாலைகளை ஓரம் நோக்கிச் சாய்த்துத்தான் போடுவார்கள். எனவே வண்டி ஓரப்பக்கம் கொஞ்சம் நகர்வது இயல்பு. லேன் அசிஸ்ட் (வண்டியைத் தடத்துக்குள் வைக்கத் தானே ஸ்டீயரிங்கைத் திருப்பும் வசதி) இருந்தால் அதை அணைத்துவிட்டுப் பாருங்கள். அது கொடுக்கும் சிறு இழுப்பைக் கோளாறு என்று நினைத்து அலைபவர்கள் உண்டு. பிரேக் பிடித்தால் மட்டும் இழுக்கிறதா? பிரேக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். அதிக பிரேக் பிடிக்காமல் ஓட்டி வந்தும் ஒரு சக்கரம் மட்டும் சூடாக இருந்தால், பிரேக் விடுபடாமல் உரசுகிறது என்று பொருள்.

எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால், முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர்தான், வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) அல்ல. இந்தச் சோதனையைச் செய்யாமலே திரும்பத் திரும்ப அலைன்மென்ட் செய்து அனுப்பும் இடங்கள் இருப்பதால்தான் இதை வற்புறுத்துகிறேன். ஒரே திசையில் சுழலும்படி அம்புக்குறி போட்ட டயர்களை மட்டும் இப்படி மாற்றக் கூடாது.

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் பெரும்பாலும் வீல் பேலன்ஸிங் (சக்கரத்தின் எடைச் சமநிலை) சரியில்லை என்று பொருள். வளைவு முடிந்தபின் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பவில்லை, அல்லது நேராக ஓட்டும்போது ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு விடுவது போல இருக்கிறது என்றால் சாதாரணமாக எடுக்காதீர்கள், உடனே காட்டுங்கள்.

படி 4: சாட்சி சேருங்கள்

விட்டு விட்டு வரும் கோளாறு சர்வீஸ் சென்டர் வாசலில் ஒளிந்துகொள்ளும். ஒவ்வொரு முறை வரும்போதும் தேதி, கிலோமீட்டர், வேகம், எந்தப் பக்கம் திருப்பினீர்கள், வண்டி ஆறியிருந்ததா சூடாக இருந்ததா என்று குறித்து வையுங்கள். பக்கத்தில் இருப்பவரை, விளக்கும் வேகமும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.

விளக்கை அணைக்க பேட்டரியைக் கழற்றாதீர்கள். சிறிய ஸ்கேனர் கருவியால், வண்டியின் கணினி பதிந்துவைத்த கோளாறுக் குறியீடுகளை அழிக்கவும் வேண்டாம். கோளாறு எப்போது, எந்த நிலையில் வந்தது என்ற பதிவும் அதோடு அழிந்துபோகும். மேலும் மலிவான கருவிகள் பல இன்ஜின் குறியீடுகளை மட்டுமே படிக்கும். அது "கோளாறு இல்லை" என்று காட்டுவதை நம்ப முடியாது.

17 எழுத்து, எண்கள் கொண்ட சேஸிஸ் நம்பரை வைத்து, உங்கள் வண்டி ஏதாவது ரீகாலில் (குறையைச் சரிசெய்ய நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைப்பது) வருகிறதா என்றும் தயாரிப்பாளரிடம் கேளுங்கள்.

படி 5: சர்வீஸ் சென்டரில்

ஜாப் கார்டில் (உங்கள் புகாரை எழுதிக்கொள்ளும் தாள்) "ஸ்டீயரிங் பிராப்ளம்" என்று எழுத விடாதீர்கள். "காலையில் எடுத்த முதல் பத்து நிமிடம், 20 கி.மீ. வேகத்துக்குக் கீழே, இடப்பக்கம் திருப்பும்போது டொக் என்ற சத்தம், அதிர்வு கையில் தெரிகிறது" என்பது போல எழுதச் சொல்லுங்கள். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். ஆறிய வண்டியில் மட்டும் வரும் சத்தம் என்றால், முந்தைய நாள் மாலையே வண்டியை விட்டுவிடுங்கள்.

"இந்த மாடலே இப்படித்தான் சார்" என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம். அதே மாடலில் இன்னொரு வண்டியை ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள், இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அலைன்மென்டும் பேலன்ஸிங்கும் பெரும்பாலும் வாரண்டியில் வராது. மோட்டார், சென்சார், ஸ்டீயரிங் ரேக் (ஸ்டீயரிங் திருப்பலைச் சக்கரத்துக்குக் கடத்தும் பாகம்) ஆகியவை பொதுவாக வரும். வெளிக்கடையில் வண்டி வயரை வெட்டி ஸ்டீரியோவோ விளக்கோ பொருத்தியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், அவர்களே கண்டுபிடித்தால் வாரண்டிக்கு அதுவே தடையாகும்.

எதுவும் கண்டுபிடிக்கவில்லை என்றாலும், "இந்தப் புகாருக்காகப் பரிசோதிக்கப்பட்டது" என்று தேதியும் கிலோமீட்டரும் போட்டு வாங்காமல் வராதீர்கள். வாரண்டி முடிந்தபின் அதே கோளாறு பெரிதானால், முன்பே புகார் செய்ததற்கு இந்தத் தாள்தான் ஆதாரம்.

படி 6: வண்டியைத் திரும்ப எடுக்கும்போது

எந்தப் பாகம் மாற்றினார்கள் என்று பில்லில் பாருங்கள். அலைன்மென்ட் செய்திருந்தால் செய்வதற்கு முன்பும் செய்த பின்பும் இருந்த அளவுகள் அச்சிட்ட தாளைக் கேளுங்கள். ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரை (ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளப்பது) மறுபடி நடுநிலைக்கு அமைத்தார்களா என்றும் கேளுங்கள். விட்டிருந்தால் வழுக்கல் தடுக்கும் அமைப்பின் விளக்கு எரியத் தொடங்கலாம். பணம் கட்டும் முன் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். நேராகப் போகும்போது ஸ்டீயரிங் நேராக நிற்க வேண்டும், கோணலாக நின்றால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

அதே புகார் மறுபடி மறுபடி வந்தால் அந்த சர்வீஸ் சென்டரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. எல்லா ஜாப் கார்டுகளின் நகலையும் வீடியோவையும் இணைத்து, தயாரிப்பு நிறுவனத்துக்கே எழுத்தில் அனுப்பி, அவர்களுடைய தொழில்நுட்பப் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.