பாசி சூட்டுக்கு மாறுகிறதா? வீட்டிலேயே பார்க்கும் வழி

உலகம் சூடாகிக்கொண்டு போனால் கண்ணுக்குத் தெரியாத பாசிகளுக்கு என்ன நடக்கும் என்று கேட்கிற உயர்தர உயிரியல் பிள்ளைகளுக்குத்தான் இது. செலவு குறைவு, பொறுமைதான் நிறைய வேண்டும்.

மட்டக்களப்பு வாவித் தண்ணீர் வேண்டாம். மாரி வெள்ளத்தில் அதன் உப்பு மாறிவிடும், பிறகு பாசி மாறியது சூட்டாலா உப்பாலா என்று சொல்லவே முடியாது. மீன்தொட்டியின் பச்சைத் தண்ணீர் போதும். ஆனால் அதில் பல இனம் கலந்திருக்கும். சூட்டில் ஒன்று செத்து இன்னொன்று பெருகினால் அது கூர்ப்பு (பரிணாமம்) இல்லை, ஆள் மாறியதுதான். அதனால் ஒரு துளியைக் கொதித்தாறிய நீரில் பத்து மடங்கு பத்து மடங்காகக் கரைத்துக்கொண்டே போய், சின்னக் குப்பிகளில் பிரித்து வையுங்கள். பெரும்பாலானவை வெறுமையாக நிற்க ஒன்றிரண்டு மட்டும் பச்சையானால், அவை அநேகமாக ஒரே கலத்தின் வாரிசுகள். நுணுக்குக்காட்டியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் அப்படிப் பச்சையான ஒரே குப்பியிலிருந்து ஆறு போத்தல். மூன்று அறைச்சூட்டில், மூன்று அதைவிட 4 பாகை கூடிய தண்ணீர்த் தொட்டியில் (மீன்தொட்டி ஹீட்டரே போதும்). எல்லாவற்றுக்கும் ஒரே வெளிச்சம், ஒரே கொதித்தாறிய கிணற்று நீர், துளியளவு யூரியாவும் டி.எஸ்.பி. என்ற பொசுபேற்று உரமும். வாயைப் பஞ்சால் அடையுங்கள், இல்லாவிட்டால் நுளம்புதான் வளரும். கிழமைக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கைப் புது நீருக்கு மாற்றினால், பழைய அளவுக்கு வர அது மூன்று தடவைக்கு மேல் இரட்டிக்க வேண்டும், ஆக வருடத்துக்குச் சுமார் 170 தலைமுறை. ஒரே கலத்து வாரிசு என்பதால் மரபணுவில் புது விகாரம் (திடீர் மாற்றம்) தோன்றினால்தான் மாற்றம் வரும், அவசரப்படாதீர்கள். ஜெர்மனியின் கீல் நகரில் எமிலியானியா ஹக்ஸ்லேயி என்ற கடல் நுண்பாசியைக் காபனீரொட்சைட்டு கூடிய நீரில் சுமார் 500 தலைமுறை வளர்த்து, அது இசைவாக்கம் அடைந்ததை, அதாவது அந்தச் சூழலுக்கு ஏற்ப மரபில் மாறியதை, 2012இல் காட்டினார்கள். ஆனால் 2004இல் கிளமிடோமோனாசு என்ற பச்சைப் பாசியை 1000 தலைமுறை அதேபோல் வளர்த்த ஆய்வாளர்கள் கொலின்ஸ், பெல் இருவரும் அப்படிக் குறிப்பான இசைவாக்கம் எதையும் காணவில்லை. உங்களுக்கும் ஒன்றும் கிடைக்காமல் போகலாம், அதுவும் விடைதான்.

பலர் விட்டுவிடுகிற இடம் கடைசிச் சோதனை. சூட்டில் இருந்தது சூட்டில் நன்றாக வளர்கிறது என்பதை மட்டும் வைத்துக் கூர்ப்பு என்று எழுதிவிடாதீர்கள், கலம் வெறுமனே பழகியிருக்கலாம். ஆறையும் அறைச்சூட்டில் இரண்டு மூன்று கிழமை வழக்கம்போல மாற்றி வளர்த்து அந்தப் பழக்கத்தைக் கழித்துவிட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே அளவு பச்சையை எடுத்து இரண்டு சூட்டிலும் வையுங்கள். போத்தலுக்குப் பின்னால் பத்திரிகைத் துண்டு ஒன்றை ஒட்டி, எழுத்து மறைய எத்தனை நாள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்போதும் சூட்டுப் பரம்பரை மூன்றுமே சூட்டில் முந்தினால்தான், சரி, மரபில் ஏதோ மாறியிருக்கிறது எனலாம்.

முடிந்ததும் ப்ளீச்சிங் தூள் போட்டு ஒரு நாள் விட்டுக் கொட்டுங்கள். குளத்திலோ வாவியிலோ ஊற்ற வேண்டாம்.