வீட்டில் சாறெடுக்கும்போது கரைப்பானில் செய்யக்கூடாத தவறுகள்

கஞ்சாவாக இருந்தாலும் வேறு மூலிகையாக இருந்தாலும், இலையின் சாரத்தை வீட்டிலேயே பிரித்தெடுக்க முனைவோர் ஒரு நம்பிக்கையோடுதான் தொடங்குகிறார்கள்: சாரத்தைக் கரைத்தெடுக்கும் கரைப்பான் எதுவானால் என்ன, கடைசியில் ஆவியாகிப் போய்விடுமே! பெரும்பாலான ஆபத்துகளின் வேர் இந்த நம்பிக்கைதான்.

கரைப்பான் ஆவியாகலாம். அதில் கலந்திருப்பவை எல்லாம் ஆவியாவதில்லை. குடிக்க முடியாதபடி செய்யப்பட்ட ஸ்பிரிட்டில் கசப்புக்காக டெனடோனியம் சேர்ப்பதுண்டு. அது ஆவியாகாமல் சாற்றிலேயே தங்கிவிடும். அதே ஸ்பிரிட்டில் மெத்தனாலும் இருக்கலாம். உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறி பார்வை நரம்பைத் தாக்கும். கண்ணையும் உயிரையும் பறிக்கக்கூடியது. எனவே புட்டியின் முகப்பில் 'ஆல்கஹால்' என்று இருப்பதைப் பார்த்து நின்றுவிடாதீர்கள். பின்புறத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள்.

பெயிண்ட் தின்னர், நாப்தா ஆகியவற்றை நான் கண்டிப்பாக எதிர்க்கிறேன். அவை ஒற்றைப் பொருள் அல்ல, பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கொதிநிலை இருப்பதால், 'முழுவதும் போய்விட்டது' என்று சொல்லக்கூடிய புள்ளியே கிடையாது. புற்றுநோயை உண்டாக்கும் பென்சீனும் அவற்றில் இருக்கலாம். அவற்றில் இருக்கக்கூடிய ஹெக்சேனின் ஆவியைத் தொடர்ந்து சுவாசித்தால் கைகால் நரம்புகள் பழுதாகும். வாடை நின்றுவிட்டதே என்று நிம்மதி அடைவதும் தவறு. எஞ்சியிருக்கும் அளவை மூக்கால் அளக்க முடியாது. அதற்கு ஆய்வகம் வேண்டும்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோலில் தடவுவதற்கு உரியது. மருந்துக்கடையில் விற்கிறது என்பதால் அது உட்கொள்ளத் தக்கதாகிவிடாது.

பியூட்டேன் விஷயத்தில் எந்தச் சமரசமும் கூடாது. லைட்டர் கேஸாக விற்கப்படும் இதைக் கஞ்சாப் பிசினுக்காக வீட்டில் பயன்படுத்தி வெடிவிபத்தில் உடல் கருகியவர்கள் பலர். அதன் கொதிநிலை சுமார் 0 டிகிரி. வெளியே வந்ததுமே வாயுவாகிவிடும். காற்றைவிட ஏறக்குறைய இரு மடங்கு கனமானதால் தரையோடு பரவித் தேங்கும். காற்றில் 2 விழுக்காட்டுக்கும் குறைவாகக் கலந்தாலே தீப்பிடிக்கும். குளிர்சாதனப் பெட்டி தானாக இயங்கும்போது எழும் சிறு பொறி போதும். ஜன்னலைத் திறந்துவைத்தேன் என்பது பாதுகாப்பு அல்ல. மூடிய அமைப்பும் வாயு உணரியும் உள்ள தொழிற்கூடத்தில் மட்டுமே செய்ய வேண்டிய வேலை இது. வீட்டில் செய்வதைக் குற்றமாக்கிய சட்டங்களும் சில இடங்களில் உண்டு.

உணவுத்தர எத்தனாலை எடுத்துக்கொண்டால் நச்சுப் பயம் பெரிதும் குறையும். தீப் பயம் குறையாது. சுமார் 13 டிகிரியிலேயே அது பற்றிக்கொள்ளக்கூடிய ஆவியைத் தரும். வெளிச்சத்தில் அதன் சுவாலை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அடுப்பில் வைத்து வற்றவைப்பது விபத்தை அழைப்பதாகும். மூலிகையை ஊறவைத்து வடிகட்டி, எத்தனாலை நீக்காமல் டிங்சராகவே வைத்துக்கொண்டால் சூடாக்கும் தேவையே எழாது.

கரைப்பானே வேண்டாம் என்றால் எண்ணெய் இருக்கிறது. அதிலும் ஒரு தவறு நேர்கிறது: ஈரம் காயாத இலையை எண்ணெயில் போட்டு, வெளியில் நாள்கணக்கில் விட்டுவைப்பது. காற்றுப்படாத அந்த ஈரத்தில், உயிரைப் பறிக்கக்கூடிய பொட்டுலிச நச்சை உண்டாக்கும் பாக்டீரியா வளரலாம். அந்த நச்சு வாடையிலோ சுவையிலோ காட்டிக்கொடுக்காது. இலையை நன்றாக உலர்த்திவிட்டுப் போடுங்கள். குறைவாகத் தயாரித்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.