2.50-ஐ 3.50 என்று படித்த குழந்தைக்குக் கடிகாரம் கற்பித்த விதம்

கடிகாரம் 2.50 காட்டும்போதெல்லாம் என் மகள் 3.50 என்றே படித்தாள். ஐந்தாம் வாய்பாடு அவளுக்குத் தடையின்றி வந்ததால், சிக்கல் நிமிட முள்ளில் இல்லை, 3-ஐ ஏறத்தாழத் தொட்டு நிற்கும் மணி முள்ளில்தான் என்பது தெளிவாயிற்று. ஆகவே பழைய சுவர்க் கடிகாரம் ஒன்றைத் திறந்து, நிமிட முள்ளை மெல்லக் கழற்றிவிட்டு, மணி முள்ளை மட்டும் வைத்து நேரம் சொல்லப் பழக்கினேன். அந்த முள் ஒரு மணி நேரத்தில் 30 பாகை, அதாவது ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண் வரை, நகர்வதைக் கவனித்தபின், "2-ஐத் தாண்டிவிட்டது, 3-ஐ இன்னும் எட்டவில்லை" என்று அவளே சொல்லத் தொடங்கினாள். கடைசியாகத் தாண்டிய எண்ணே மணி என்பதைத் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதற்கு உண்மையான கடிகாரமே ஏற்றது என்பது என் கருத்து. முட்கள் தனித்தனியே சுழலும் அட்டைக் கடிகாரத்தில் நிமிட முள் 10-இல் இருக்கும்போதும் மணி முள்ளைச் சரியாக 2-இலேயே நிறுத்திவிடலாம் என்பதால், அது குழப்பத்தையே வளர்க்கிறது.

பிறகு, மணி முள் ஓர் எண்ணின் மேல் நேராக நிற்கும்படி வைத்து, நிமிட முள்ளை 12-இல் பொருத்தினேன் (இது பிசகினால் கடிகாரமே பொய் சொல்லும்). முதலில் அரை, அடுத்துக் கால், முக்கால், அதன்பின் ஐந்தைந்தாக எண்ணுதல் என்று சென்றோம். இப்போது மணியை முதலில் சொல்லிவிட்டே நிமிடத்துக்குப் போகிறாள்.